முள் நிற்கும்வரை

ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டது. இன்றைக்கு எல்லாமே கிடைக்கும். எட்டேகால் பஸ் எட்டேகாலுக்கே கிளம்புகிறது, கண்டக்டர் நூறு ரூபாய் நோட்டைப் பார்த்து முறைக்கவில்லை, ஆற்காடு பஸ் ஸ்டாண்டு நாற்றம்கூட இன்றைக்கு மூக்கில் ஏறவில்லை, ஏறினாலும் எனக்கென்ன, ஒன்பதேகாலுக்கு என்னுடைய நாற்பது ஷீட் குளிர்வண்டியில் ஏறிப் போகப்போகிறது. என்னுடைய நாற்பது. ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் அழியாத மையில் எச்.எம். என்று என் கையெழுத்து, ஹேமாவதி மணவாளன், பயோமெடிக்கல் மூன்றாம் வருஷம், இன்டர்ன்ஷிப்புக்கு வந்து நாலு வாரம் ஆன பெண், நேற்று முதல் தடவையாகத் தனியாக உட்கார்ந்து அளந்து பிரித்து அடுக்கியவள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாளுக்கு இது தெரியாது. அவள் மடியில் ஒரு பை கத்தரிக்காய். சொல்லிவிடலாம் போல இருக்கிறது, அம்மா, இன்றைக்கு என் கை பட்ட ஜவ்வு எங்கோ ஒரு ஊரில் இதய வால்வு தைக்கிறவர்களிடம் போகிறது என்று. எந்த ஜவ்வு என்று கேட்பாள். எருமை இதயத்தைச் சுற்றி ஒரு பை இருக்கும் அம்மா, கறிக்கூடத்தில் அதைப் பிய்த்துத் தூர எறிந்துவிடுவார்கள், எங்கள் கம்பெனி அதை எறியவிடாமல் ஐஸில் வைத்து வாங்கி, கழுவி, கொழுப்பெடுத்து, அளந்து அனுப்புகிறது என்று சொன்னால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவாள். போகட்டும், எனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும். என் அம்மாவே முதல் நாள் கேட்டது, கை நாறாதா என்றுதான். அன்றிலிருந்து சாப்பாட்டுப் பையில் தினமும் அரை எலுமிச்சம்பழம் வைத்தனுப்புகிறாள், கை தேய்த்துக் கழுவ. இரண்டு ஜோடி கையுறைக்குள் இருக்கிற கை ஏன் நாறப்போகிறது, நான் அதைத் தயிர்சாதத்தில் பிழிந்து சாப்பிட்டுவிடுகிறேன்.

அண்ணா சிலை. இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள். முதல் நாள் மயக்கம் போட்டு விழுவேன் என்று நானே நினைத்தேன். காலேஜில் எங்களுக்கு இதயம் என்றால் பிளாஸ்டிக், சிவப்பும் நீலமும் பெயின்ட் அடித்தது, அதிலும் ஒரு பக்கக் கொக்கி உடைந்துபோய் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள். இங்கே ஒரு தொட்டி நிறைய. பெரிசு பெரிசாக, என் இரண்டு கையும் கொள்ளாத அளவில், உப்புத் தண்ணீரில். விழவில்லை. விழாதது மட்டுமில்லை, அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிற ஷமீமா அக்கா ஒரு ஜவ்வை எடுத்து வெளிச்ச மேஜையின் மேல் விரித்தபோது, அந்த வெள்ளை வெளிச்சம் அதற்குள் நுழைந்து மேலே வந்தபோது, நார் நாராக எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஓடுவது தெரிந்ததே, அப்போது குனிந்த தலையை நான் எடுக்கவே இல்லை. மூன்று வருஷமாகப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிய படம் அது. யாரோ வரைந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஷமீமா அக்கா என்னைப் பார்த்து, இன்னா, பேய் அறைஞ்சிச்சா என்றாள். அவள் விஷாரத்தில் தோல் தொழிற்சாலையில் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும், பி.காம். பாதியில் விட்டவள், விரலால் தடவியே எது கனம் எது மெல்லிசு என்று சொல்லிவிடுவாள். ஆனால் எழுதும்போது கனம் அளக்கிற, முள் வைத்த டயல் கேஜ் சொல்வதைத்தான் எழுதுவாள். தோல் காஞ்சது, வெச்சதும் முள் நின்னுடும், இது ஈரம், இது ஏமாத்தும் என்று அன்றைக்கே சொன்னாள்.

பாலாற்றுப் பாலம். தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடுகிறது, பாலத்துக்கடியில் முழுக்க மணல்தான். ஏமாற்றும் என்றால் இப்படி. டயல் கேஜுக்குக் கீழே ஒரு கால், வட்டமாக, சின்னச் சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும். அதை ஜவ்வின் மேல் இறக்கினால் ஈரத்தோடு உப்பியிருக்கிற ஜவ்வு மெல்ல மெல்ல அமுங்கும், முள்ளும் மெல்ல மெல்ல இறங்கும், பத்து விநாடியில் ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் கணக்கு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் வால்வுக்கு, குறைந்தால் ஆபரேஷனில் ஒட்டுப் போடுகிற வேலைக்கு, அதுவும் வீணில்லை, விலை குறைவு, வேலை வேறு. ஒரு ஷீட்டுக்கு ஆறு இடம் தொட்டுப் பார்த்து எதில் குறைவோ அதை எழுத வேண்டும். பத்து விநாடியை யார் சொல்வது. கையில் வாட்ச் கட்டக் கூடாது, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் கை அசையும். ஆகவே மாஸ்க்குக்குள் எண்ண வேண்டும். ஒன்று இரண்டு என்று எண்ணினால் நாக்கு தானாக ஓடிவிடும் என்று அந்த அறையில் ஆளுக்கொரு பத்து வைத்திருக்கிறார்கள். ஷமீமா அக்காவின் அம்மாவுக்குப் பத்துப் பிள்ளைகள், மூத்தவரிலிருந்து கடைசித் தம்பி வரைக்கும் பேர் சொல்லி எண்ணுவாள், அவள் ஏழாவது, தன் பேரைத் தானே சொல்லிக்கொள்வாள். பக்கத்து மேஜை தயாளன் அண்ணனுக்குப் பிரியாணி, எண்ணெய், பட்டை, வெங்காயம் என்று ஆரம்பித்துப் பத்தாவதில் தம் போட்டு மூடுவார், பதினோரு மணிக்கெல்லாம் பசிக்கிறது என்பார். எனக்கு இந்த பஸ். ஆற்காடு பஸ் ஸ்டாண்டு, அண்ணா சிலை, பாலாற்றுப் பாலம், முத்துக்கடை, பெரியாஸ்பத்திரி, காரைக் கூட்டு ரோடு, ரயில்வே கேட், தண்ணீர்த்தொட்டி, பெட்ரோல் பங்க், சிப்காட் கேட். பத்து. நேற்று இந்தப் பாட்டை எத்தனை தடவை பாடியிருப்பேன், நாற்பதை ஆறால் பெருக்கினால் இருநூற்று நாற்பது. இருநூற்று நாற்பது தடவை ஆற்காட்டிலிருந்து சிப்காட்டுக்கு வந்தவள் நான், பாஸ் கொடுக்க வேண்டும் எனக்கு.

முத்துக்கடை. கூட்டம் ஏறுகிறது. விளையாட்டுக்குத்தான் போனை எடுத்தேன். வேறு ஒன்றுமில்லை, இருநூற்று நாற்பது தடவை சொன்னதை ஒரு தடவை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்து நானே என் முதுகில் தட்டிக்கொள்ளலாம் என்றுதான். ஆற்காடு பஸ் ஸ்டாண்டு அண்ணா சிலை பாலாற்றுப் பாலம் என்று உதட்டுக்குள் சொல்லி சிப்காட் கேட்டில் அமுக்கினேன். ஆறு. ஆறு விநாடி, அதன் பின்னால் ஏதோ புள்ளி. பஸ் குலுங்கியதில் விரல் பட்டிருக்கும். இன்னொரு தடவை. ஆறுக்குக் கொஞ்சம் மேலே. கத்தரிக்காய் அம்மாள் என் உதட்டைப் பார்க்கிறாள், மந்திரம் என்று நினைத்திருப்பாள். மூச்சை இழுத்துவிட்டு நிதானமாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஆள் இறங்குவதாக நினைத்துச் சொன்னேன். ஒன்பதே முக்கால் விநாடி. அப்பாடா. பார், சரியாகத்தான் இருக்கிறது. நிதானமாக இருந்தால் சரியாக இருக்கிறது. நேற்று நிதானமாக இருந்தேனா?

நேற்று நான் தரையில் இல்லை. காலையில் எங்கள் மேனேஜர் ஜெரால்டு சார் வந்து, முதல் பேட்ச் ஒரு குறையும் இல்லாமல் போனால் ஜனவரி பிராஜெக்ட் சீட் எனக்கு என்று சொன்னார். ஒரே சீட்தான், ஆறு மாசம், ஜவ்வை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து இழுத்து எந்த இடத்தில் எப்போது கிழிகிறது என்று பார்க்கிற அந்த மிஷின், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் நாலு வாரமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிற மிஷின், அதில் என் கை. அதைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள் நிதானமாகவா எண்ணியிருப்பாள். முதல் நாலு ஷீட்டுக்கு ஷமீமா அக்கா பக்கத்தில் நின்றாள், அது சரியாக இருக்கும். பிறகு அவள் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். எல்லாரும் நாற்பதை முடிக்க ஐந்து மணி ஆகும். நான் நாலரைக்கெல்லாம் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினேன். கை நல்லா ஓடுதே உனக்கு என்றார்கள். நானும் ஓடுதே என்று சிரித்தேன். தயாளன் அண்ணன் மட்டும் மதியம் எட்டிப் பார்த்து, “உன் பஸ்ஸு பாயின்ட் டு பாயின்ட்டா, எங்கியும் நிக்காதா?” என்றார். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன், இன்றைக்கு எழுந்ததிலிருந்து இரண்டு தடவை அதை நினைத்துச் சிரித்தும்விட்டேன். பெரியாஸ்பத்திரி. இப்போது அதே வாசகம் முள்ளாகக் குத்துகிறது. எங்கியும் நிக்காதா. நாற்பதில் முப்பத்துநாலு வால்வுக்குத் தேறியது. சாதாரணமாக இருபத்தைந்து தேறினால் நல்ல பேட்ச் என்பார்கள். முப்பத்துநாலு என்றதும் நான் என்ன நினைத்தேன், என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். எருமைகளெல்லாம் எனக்காகக் கனமாகப் பிறந்து வந்ததாக நினைத்தேன். முட்டாள். ஆறாவது விநாடிக்கும் பத்தாவது விநாடிக்கும் நடுவில் முள் இரண்டு மூன்று கோடு இறங்கும், முதல் நாளே அக்கா காட்டினாள். நான் எத்தனை இடத்தில் நாற்பத்தொன்று எழுதினேன், எத்தனை இடத்தில் நாற்பத்திரண்டு. நிறைய. அந்தத் தாள் கண்ணுக்குள் வருகிறது, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பது, அழகான கையெழுத்து.

வாங்குகிறவர்களும் அளப்பார்கள் இல்லையா. அளப்பார்கள். அளக்காமல் இருக்கவும் செய்வார்கள், எங்கள் தாளை நம்பித்தானே காசு கொடுக்கிறார்கள். இரண்டு கோடு மெல்லிசாக இருந்தால் என்ன ஆகிவிடும். ஒன்றும் ஆகாமலும் போகலாம். வால்வில் அது மூன்று இதழாக நின்று திறந்து மூடும், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை, இதைக் காலேஜில் செமினாரில் நானே சொல்லிக் கைதட்டு வாங்கினேன், ஒரு லட்சம் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அந்த நெஞ்சு யாருடையது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அவருக்கும் எச்.எம். யாரென்று தெரியாது. தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அந்த முள் மட்டும்தான் இருக்கிறது. சொன்னால் ஜனவரி போய்விடும். ஒரு குறையும் இல்லாமல் என்றார், வண்டி கிளம்பும் நேரத்தில் முப்பத்தாறு டப்பாவை இறக்கச் சொல்வது குறையல்லாமல் வேறென்ன. சொல்லாவிட்டால் ஜனவரி எனக்கு, அந்த மிஷினில் தினமும் ஜவ்வைக் கிழித்துக் கிழித்துப் பார்ப்பேன், எவ்வளவு மெல்லிசானால் எப்போது கிழியும் என்று ஒவ்வொரு நாளும் நானே எழுதுவேன். அப்படிக் கிடைக்கிற சீட்டில் உட்கார என்னால் முடியாது. யோசிக்கவே வேண்டாம், முடியாது. எனக்கு அந்த மிஷின் அவ்வளவு பிடிக்கும். காரைக் கூட்டு ரோடு. மணி எட்டு நாற்பத்தெட்டு. ஒன்பது மணிக்கு இறங்கினால் கால் மணி நேரம் இருக்கிறது, ஓடினால் தாராளம். பயமா சந்தோஷமா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேனே. யாரும் சொல்லாமல், இந்த ஜன்னலோரத்தில், நானே.

ரயில்வே கேட். மூடியிருக்கிறது. நாலு வாரத்தில் ஒரு நாள்கூட மூடியதில்லை, இன்றைக்கு மூடியிருக்கிறது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைக்க இறங்கிவிட்டார், அப்படியென்றால் கூட்ஸ். ஷமீமா அக்காவுக்கு அடித்தேன், ரிங் போய்க்கொண்டே இருக்கிறது, அவள் போன் லாக்கரில் இருக்கும், உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஜெரால்டு சார் நம்பர் என்னிடம் இல்லை, சாரிடம் நம்பர் கேட்க யாருக்குத் தைரியம். ஆபீஸ் நம்பர் ஒன்பதரைக்கு மேல்தான் எடுப்பார்கள். இறங்கி ஓடலாமா, இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், சுடிதாரில், சாப்பாட்டுப் பையோடு, ஒன்பதேகாலுக்குள் போகவே முடியாது. உட்காரு. வருகிறது. முதல் பெட்டி, நிலக்கரி. இரண்டாவது. எவ்வளவு மெதுவாகப் போகிறது, ஒரு பெட்டி போய் அடுத்தது வருவதற்குள் ஒரு முழு விநாடிக்கு மேலேயே ஆகிறது. இந்தக் கேட்டை நேற்று இருநூற்று நாற்பது தடவை தாண்டினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. வாயில் ரயில்வே கேட் என்று சொன்னேனே தவிர இங்கே பஸ் நின்றால் எப்படியிருக்கும் என்று ஒரு தடவையாவது நினைத்தேனா. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. கத்தரிக்காய் அம்மாள் என்னிடம் குனிந்து, பரீட்சையா பாப்பா, மொகமே சரியில்லையே என்றாள். ஆமாம்மா என்றேன். நல்லா எழுதுவே போ என்றாள். பெட்டி நாற்பத்தொன்று. கடைசியில் கார்டு ஒருவர் கொடியோடு நிற்கிறார், எனக்கென்னவோ அவருக்குக் கை காட்ட வேண்டும் போலிருந்தது, காட்டினேன், அவரும் காட்டினார்.

தண்ணீர்த்தொட்டி. பெட்ரோல் பங்க். சீக்கிரம், அண்ணா, சீக்கிரம். சிப்காட் கேட்டில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே குதித்துவிட்டேன், கண்டக்டர் திட்டுவது பின்னால் கேட்கிறது. ஒன்பது ஏழு. தார் ரோடு, அரளிச் செடி, வாட்ச்மேன் கூண்டு, நுழைகிற இடத்திலேயே குளிர்வண்டி நிற்கிறது, பின்கதவு திறந்து வெள்ளைப் புகை வருகிறது, தயாளன் அண்ணன் கடைசிப் பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார், ஜெரால்டு சார் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருக்கிறார், பக்கத்தில் ஷமீமா அக்கா. ஓடி வந்த மூச்சில் வார்த்தை துண்டு துண்டாக வருகிறது.

“சார், என் பேட்ச் போகக் கூடாது சார். வேகமா எண்ணிட்டேன். பத்து இல்ல, ஆறுதான் எண்ணிருக்கேன். அஞ்சாம் நம்பர்லேந்து எல்லாமே.”

சார் பேனாவை மூடவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டார். பஸ்ஸில் போனை வைத்துப் பார்த்ததைச் சொன்னேன், முப்பத்துநாலு தேறியதைச் சொன்னேன், சொல்லும்போதே அது எவ்வளவு பச்சையாகத் தெரிகிறது, நேற்றே அவருக்குத் தெரிந்திருக்கலாமே என்றுகூட ஒரு நொடி கோபம் வந்தது, அவர் என்ன பண்ணுவார், என் தாளை நம்பினார். ஷமீமா அக்கா என் வாய் அருகே காதைக் கொண்டுவந்து, சார் கை வாட்சைப் பார்த்துக்கொண்டே, எண்ணு என்றாள். எண்ணினேன். ஓடி வந்த நெஞ்சு, ஓடி வந்த நாக்கு, ஐந்தரை விநாடியில் சிப்காட் வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து சாரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். சார் வண்டிக்காரரிடம் மற்றவர்களுடைய பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், என் பேட்சுக்கு நேராகத் தாளில் ஒரு கோடு போட்டார், வாங்குகிறவர்களுக்கு நாளைக்கு வரும் என்று சொல்ல வேண்டும் என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். ஜனவரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் பெட்டியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்த தயாளன் அண்ணன், நான் நேத்தே சொன்னேன் என்றார். நேற்றே சொன்னார்தான்.

கை கழுவி, இரண்டு ஜோடி கையுறை, மாஸ்க், தொப்பி. ஐந்தாம் நம்பர் டப்பா. மூடியில் எச்.எம்., தாளில் நாற்பத்தொன்று. ஜவ்வை எடுத்து விரிக்கிறேன், குளிர்ந்து, வழுக்கி, வெளிச்சத்தில் நார் நாராக, இன்றைக்கும் அதே அழகு, அதில் ஒரு குறையும் இல்லை. ஷமீமா அக்கா எனக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நேற்றுக் குறைவாக வந்த அதே இடத்தில் கேஜின் காலை இறக்குகிறேன். ஆற்காடு பஸ் ஸ்டாண்டு, முள் விழுகிறது. அண்ணா சிலை, விழுகிறது. பாலாற்றுப் பாலம், கொஞ்சமாகத்தான் தண்ணீர். முத்துக்கடை, கூட்டம் ஏறட்டும். பெரியாஸ்பத்திரி. காரைக் கூட்டு ரோடு, நாற்பத்தொன்று. நேற்று நான் இறங்கிப் போன இடம் இதுதான், இங்கேதான் எழுதினேன், எழுதியது பொய்யில்லை, முள் இங்கே வந்தது நிஜம், நான்தான் நிற்கவில்லை. ரயில்வே கேட். மூடியிருக்கிறது. நிற்கிறேன். ஒரு பெட்டி போகிறது. முள் நகர்கிறதா, நகர்கிறது, கண்ணுக்குத் தெரிந்து நகர்கிறது, நாற்பது, நாற்பதிலும் நிற்கவில்லை. இன்னொரு பெட்டி. கை காட்டிய அந்தக் கார்டு போகட்டும், கேட் திறக்கட்டும். தண்ணீர்த்தொட்டி, முப்பத்தொன்பது. பெட்ரோல் பங்க். சிப்காட் கேட். முப்பத்தெட்டு. அதற்கப்புறம் அசையவில்லை, நான் வேண்டுமென்றே இன்னும் இரண்டு மூச்சு பார்த்தேன், அசையவில்லை. வால்வுக்கு ஆகாது. என் முதல் பேட்சின் ஐந்தாம் நம்பர் வால்வுக்கு ஆகாது, நான் பஸ்ஸில் உட்கார்ந்து சொன்னது அப்படியே சரி. மாஸ்க்குக்குள் என் வாய் காது வரைக்கும் போய்விட்டது, கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

“இன்னாடி,” என்றாள் ஷமீமா அக்கா. “கையில இருந்ததெல்லாம் போவுது, நீ சிரிக்கிறே?”

“முள் நின்னுடுச்சிக்கா.”

நாற்பத்தொன்றின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் எச்.எம். என்று மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறாம் டப்பாவைத் திறக்கிறேன்.